நீலப் பொத்தான் மேல் ஒரு விரல்

ரேணுகாதேவி நீலப் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அவளுக்கு எப்போதும் அதுதான் வரிசை. முதலில் விரல், அப்புறம்தான் புத்தி. மேசை மேல் சார்ட் காகிதம் விரித்துக் கிடந்தது. பென்சிலால் போட்ட ஆறுகோணக் கட்டங்கள். பச்சை தீட்டிய இடம் காடு, பழுப்பு தீட்டிய இடம் மலை, இரண்டு மலைக்கும் நடுவே ஒரே கட்டம் அகலத்தில் ஒரு கணவாய், அதைத் தாண்டினால் சந்தை. பொத்தான்கள்தான் வண்டிகள், காய்ந்த பட்டாணிதான் தண்ணீர். ஆளுக்கு மூன்று வண்டி, கையில் இரண்டு சீட்டு, யாருடைய இரண்டு வண்டி முதலில் சந்தைக்குப் போய்ச் சேருகிறதோ அவருக்கு ஜெயம். கோயமுத்தூர் சரவணம்பட்டியில், ஒரு மூன்றாவது மாடி அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையில், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, வளர்ந்த மூன்று பேர் சட்டைப் பொத்தானையும் பட்டாணியையும் வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இன்னும் நான்கு மாதத்தில் இதே கட்டங்கள் போன் திரைக்குப் போகும். முன்பின் தெரியாத மூன்று பேர், ஒருவர் தென்காசியிலும் ஒருவர் துபாயிலும் ஒருவர் எங்கேயோ ரயிலிலும் உட்கார்ந்துகொண்டு இதை ஆடுவார்கள். அதற்கு முன்னால் ஆட்டத்தைக் காகிதத்தில் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பது ரேணுகாதேவியின் பிடிவாதம். காகிதத்தில் சுவைக்காத ஆட்டம் திரையில் மட்டும் சுவைத்துவிடாது என்று அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள், தாமோதரனும் அதற்கு ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது அவள் விரலுக்கடியில் இருந்தது.

விதி இவ்வளவுதான். பொத்தானைத் தொடலாம், இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் தள்ளிப் பார்க்கலாம், மனசு மாறினால் பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடலாம். கையை எடுத்தால்தான் ஆடியதாக அர்த்தம். மேசையில் ஆடுகிற எவருக்கும் இதைச் சொல்லித்தரவே வேண்டாம், தன்னால் வந்துவிடும். ரேணுகாதேவி இதை அப்படியே போனுக்குள் கொண்டுபோக வேண்டும் என்றாள். ஒருவர் திரையில் வண்டியை அழுத்திப் பிடித்தால் மற்ற இருவர் திரையிலும் அந்த வண்டி லேசாக மேலே எழும்ப வேண்டும், அவர் விரல் போகிற பக்கமெல்லாம் போக வேண்டும், தயங்கினால் தயங்க வேண்டும், விரலை எடுத்த பிறகுதான் தரையில் இறங்க வேண்டும். தாமோதரன் நிறுவனத்தின் தலைவர், நல்ல மனுஷன், ஆனால் எதிலும் வேகம் வேண்டும் அவருக்கு. "கட்டத்தைத் தொட்டா வண்டி போயிறணுங்க ரேணுகா. ஒரு தடவைக்கு முப்பது செகண்டு, அதுக்கு மேல குடுத்தா எதிராளி ஆட்டத்தை மூடிட்டு வேற எதையாச்சும் பாக்கப் போயிருவான். இது ஆன்லைன் விளையாட்டுங்க, கேரம் போர்டு இல்ல" என்று மூன்று கூட்டங்களில் சொல்லிவிட்டார். கடைசியில் இன்று சாப்பிட்டு முடித்ததும், "சரி, ஒரே ஒரு ஆட்டம் உங்க விதிப்படியே ஆடிப் பாத்தர்லாம். இழுவையா இருந்துச்சுன்னா திங்கக்கிழமை இதைத் தூக்கிர்றோம், அப்புறம் மறுபேச்சு இல்ல" என்று அவரே பொத்தான்களை அடுக்கினார். யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று புரோகிராம் எழுதுகிற அபூதாகிர் போனில் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறான், தன்னுடைய மஞ்சள் பொத்தான்களையும் இடையிடையே நகர்த்திக்கொண்டு. இதுவரை யாரும் இருபது செகண்டுக்கு மேல் எடுக்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது இழுப்பவள் அவளேதான். சொந்த விதியைத் தன் விரலாலேயே குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருக்கிறாள் மகராசி.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அபூதாகிரின் போன் அவனைப் பார்த்தபடி தண்ணீர்ப் பாட்டில் மேல் சாய்ந்திருக்கிறது, இங்கிருந்து தெரியாது. கேட்கலாம். கேட்டால் பதறுகிறாள் என்று தாமோதரனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் கையில் இருக்கிற சீட்டைப் போடத் துணிச்சல் வந்துவிடும் அவருக்கு. அந்தச் சீட்டு. அதுதானே எல்லாம். அவளுக்கு ஒரு வண்டி சந்தைக்குள் போயாகிவிட்டது, இந்த நீலப் பொத்தான் போய்ச் சேர்ந்தால் முடிந்தது. தாமோதரனுக்கும் அதே கதை, ஒன்று உள்ளே, ஒன்று கணவாய் வாசலில் அவளுக்குப் பக்கத்துக் கட்டத்தில். கணவாய்க்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நிற்க முடியும். இந்தத் தடவை உள்ளே நுழைந்தால் அடுத்த தடவை சந்தை. ஆனால் மழைச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது, சீட்டுக்கட்டிலேயே ஒன்றுதான். அதை யாராவது போட்டால் கணவாய்க்குள் இருக்கிற வண்டி சறுக்கி அடிவாரத்துக்கே போய்விடும், ஆட்டமும் அதோடு போச்சு. அவள் கையில் மழை இல்லை, உருப்படாத இரண்டு சீட்டுதான் இருக்கிறது. தாமோதரன் கையில் இருக்கிறதா? அவர் சீட்டுகளை மார்போடு ஒட்டி வைத்திருக்கிறார், சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பேனாவுக்குப் பக்கத்தில். முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. மேல் உதட்டில் அரிசிப்பருப்பு சாதத்தின் ஒரு பருக்கை ஒட்டியிருக்கிறது, சொல்லலாமா வேண்டாமா, சொன்னால் துடைக்கக் கை போகும், கை போனால் சீட்டு கொஞ்சம் சாயும். சீ, என்ன புத்தி இது. விரலை வைத்துக்கொண்டு களவுப் பார்வை. ஆனாலும் முகத்தைப் பார்ப்பதுதானே மேசை ஆட்டத்தில் பாதி. போனில் முகம் கிடையாது. அதனால்தான் அவள் விரலைக் கேட்டாள். முகம் இல்லாத இடத்தில் விரலாவது தெரியட்டும் என்று. இதை இவ்வளவு சுருக்கமாகக் கூட்டத்தில் சொல்ல வரவில்லை பாருங்கள், அங்கே ஆறுகோணத்தைப் பற்றியும் பகடையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினாள், தேவையானதை மட்டும் விட்டுவிட்டாள்.

விமலாராணியின் சுண்டுவிரல்தான் இதற்கெல்லாம் காரணம். திருச்செங்கோட்டில் கல்லூரி விடுதி, நாற்பத்திரண்டாம் நம்பர் அறை, யாரோ ஒரு சீனியர் விட்டுப்போன போர் விளையாட்டு. பகடை தொலைந்து போயிருந்ததால் ஒன்று முதல் ஆறு வரை துண்டுச் சீட்டில் எழுதி சோப்புப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்குவார்கள். சீட்டெல்லாம் சந்தன சோப்பு வாசம் வீசும். நான்கு பெண்கள், நான்கு ராஜ்ஜியம், செமஸ்டர் தேர்வுக்கு முந்தின நாள்கூட நிறுத்தினதில்லை. விமலாராணி படையைத் தொட்டால் லேசில் விடமாட்டாள். வடக்கே கொண்டுபோவாள், அங்கேயே நிற்பாள், திரும்ப வருவாள், ரேணுகாவின் கோட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். மூன்று பேருக்கும் மூச்சு நிற்கும். யாரும் எழுந்து போனதில்லை. யாரும் சலித்துக்கொண்டதில்லை, திட்டியிருக்கிறார்கள், அது வேறு. பொய்யாகப் பயம் காட்டுகிறாள் என்றால் சுண்டுவிரல் மட்டும் தனியாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், இரண்டாம் வருஷம்தான் ரேணுகா அதைக் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்ததை ஒருவரிடமும் சொல்லாமல் ஆறு மாதம் ஜெயித்தாள். இப்போது விமலா மஸ்கட்டில் இருக்கிறாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஏதோ ஆன்லைன் விளையாட்டு ஆடினார்கள், படங்கள் பிரமாதம், யானைப்படையின் தூசிகூடத் தெரிந்தது. ஆனால் விமலா ஆட வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, மிச்ச நேரத்தைக் காட்டிக் குறைந்துகொண்டே வரும் ஒரு கோடு, அவ்வளவுதான். யோசிக்கிறாளா, குழந்தைக்குச் சட்டை மாட்டப் போயிருக்கிறாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியாது. கோடு முடிந்ததும் படை தடாலென்று எங்கேயோ போய் நிற்கும். ரேணுகாவுக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது, காரணம் கேட்ட கணவனிடம் தோற்றுப் போய்விட்டேன் என்றாள். உண்மையில் ஜெயித்திருந்தாள்.

எங்கே விட்டோம். மழைச் சீட்டு. ஏசியிலிருந்து தண்ணீர் பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டுகிறது, பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் அறுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், திரும்ப அறுக்கிறார்கள். காட்டு வழி ஒன்று இருக்கிறது. நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு பட்டாணி, அவளிடம் சரியாக நான்கு பட்டாணி. மழைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அவள் காட்டுக்குள் திரும்பினால் கணவாய் திறந்து கிடக்கும், தாமோதரன் இரண்டே தடவையில் சந்தையில் போய் உட்கார்ந்துவிடுவார். விரலை மெதுவாகக் கணவாய்ப் பக்கம் நகர்த்தினாள். தாமோதரனின் கண் கூடவே வந்தது. நிறுத்தினாள். கண்ணும் நின்றது. காட்டுப் பக்கம் கொண்டுபோனாள். நாற்காலி கிரீச்சென்றது, அவர் முன்னால் நகர்ந்து உட்காருகிறார். இதற்கு என்ன அர்த்தம்? மழை இருக்கிறவன் அவள் கணவாய்க்குப் போனால்தானே சந்தோஷப்பட வேண்டும், காட்டுக்குப் போனால் ஏன் நாற்காலி கிரீச்சிட வேண்டும். ஏமாற்றமா, ஆசையா? கூட்டத்தில் ஒருநாள் அபூதாகிர் கேட்டான், "ரேணுகாக்கா, விரல் போற இடத்தை செகண்டுக்கு இருபது தடவை சர்வருக்கு அனுப்பணும். அவ்ளோ பாடு பட்டு என்னக்கா காட்டப் போறோம்?" என்று. அவனைக் குறை சொல்ல முடியாது, பாடு அவனுக்குத்தான். அதற்கு அவள் என்னவோ பதில் சொன்னாள். திரையில் எதிரியின் பாதி நிலம் இருட்டாகத் தெரிகிறதே, அதுகூட மேசையிலிருந்து வந்ததுதான், அந்தக் காலத்தில் நடுவில் துணி கட்டி இரண்டு பலகை வைத்து, ஒரு நடுவர் இங்கும் அங்கும் போய்ச் சொல்லி ஆடினார்கள். ஒருவர் முடித்த பிறகு ஒருவர் என்பது மேசை, ஆறுகோணம் மேசை, சீட்டைக் கலைத்துப் போடுவது மேசை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம், கையை மட்டும் ஏன் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று கேட்டாள். நல்ல கேள்விதான். கேட்டு முடித்ததும் தாமோதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தப் பெங்களூர் மின்னஞ்சலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பழைய வேலை, ஆறு வருஷத்துக்கு முன்னால், மேலதிகாரி அவளுடைய வரைவைத் தன் பெயரில் காட்டிவிட்டார் என்று தெரிந்த அன்றைக்கு, கோபத்தில் ஒரு ராஜினாமாக் கடிதம் தட்டினாள். அனுப்புவதற்கில்லை, சும்மா மனசு ஆற. முழுக்க எழுதி, ஒருமுறை படித்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, விரல் அனுப்பு பொத்தான் மேல் போய், அழுத்திவிட்டது. இன்றைக்கும் அந்தச் சின்ன 'டிக்' சத்தம் காதில் கேட்கும். அழுத்தினால் போச்சு. நடுவில் ஒன்றும் இல்லை. தொட்டுக்கொண்டு நிற்பது என்ற ஒன்றே அங்கே கிடையாது, ஒரு மனுஷி வேலையை விடலாமா என்று விரலைத் தூக்காமல் நாலு நிமிஷம் நிற்பதற்கு இடமே வைக்கவில்லை யாரும். மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதாகிவிட்டது. ஊருக்கு வந்தாள், இந்த வேலை கிடைத்தது, நல்லதாகத்தான் போயிற்று, குறையொன்றும் இல்லை. ஆனாலும் அது அவள் எடுத்த முடிவில்லை, விரல் எடுத்த முடிவு, அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்திருக்கிறது. செந்தில்நாதன் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதினொரு நாள் அவள் பதில் சொல்லவில்லை. வீட்டில் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் செந்திலே போன் செய்தான். "ஏங்க, பதில் கேக்கறதுக்குக் கூப்பிடலைங்க. நீங்க யோசிக்கறீங்கன்னு தெரியுது. அவசரமில்ல, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றான். நீங்க யோசிக்கறீங்கன்னு தெரியுது. அந்த ஒரு வரிக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னால் அவன் நம்பமாட்டான், தன் மீசைக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த நீலப் பொத்தானும் அவன் பழைய சட்டையினுடையதுதான், வெட்டும்போது, "போட்டுக்கிட்டிருக்கற சட்டையையாச்சும் விட்டுருங்க" என்று வாசல்வரை ஓடினான்.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மேசைக்கு எதிரே தாமோதரனின் புருவம் உயர்ந்தது. ஐயோ, சிரித்ததைப் பார்த்து மழைச் சீட்டு இவளிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாரோ. நினைத்துக்கொள்வாரோ! அவள் முதுகு நிமிர்ந்தது. அவரிடம் மழை இல்லை என்றால், அவருக்கும் இதே கவலைதானே இருக்கும், மழை யாரிடம் என்று. மழை கையில் இருக்கிற ஒருத்தி என்ன செய்வாள்? கணவாயைத் திறந்து விட்டுவிட்டு நல்ல பிள்ளையாகக் காட்டுக்குள் திரும்புவாள், வா ராஜா வா என்று. அப்படியென்றால் காடுதான் சரி. ஆனால் அவரிடமே மழை இருந்தால்? இருந்தால் அவருக்குப் பயமே இல்லை, நேராக உள்ளே போவார், அவள் தோற்பாள். அல்லது அபூதாகிரிடம் இருந்தால்? அவனை யாருமே கண்டுகொள்ளவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மூன்று வண்டியும் காட்டில் நிற்கிறது, ஆனால் சீட்டு இருக்கிறதே அவன் கையிலும். அவனைப் பார்த்தாள். ஜும்மா தொழுகைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்துகொண்டிருக்கிறாள், அது தெரிகிறது, தெரிந்தும் நிற்கவில்லை. வேகமாக வைத்துவிட்டால் என்ன? எங்கேயோ ஒரு கட்டத்தில் வைத்துத் தொலைத்தால் நேரம் குறையும், விதி பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் அப்படி வைத்தால் அது ஆட்டமில்லை, நாடகம். யோசிப்பதற்கு இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய விதியைக் காப்பாற்ற யோசிக்காமல் ஆடுவதா? அந்த நினைப்பு வந்ததும் ஏனோ மனசு லேசாகிவிட்டது. போனால் போகட்டும். திங்கட்கிழமை தூக்கினால் தூக்கட்டும், இன்று இந்த மேசையில் இந்த விதி உயிரோடு இருக்கிறது, அவள் அதற்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறாள், வயிறு நிறைந்திருக்கிறது, எதிரே இரண்டு பேர் அவளுடைய ஒரு விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இதைவிட நல்ல மதியம் ஒன்றும் இந்த வாரத்தில் வரவில்லை. பொத்தானைக் காட்டின் முதல் கட்டத்துக்குத் தள்ளினாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தாள். கையை எடுத்தாள்.

"நாலு நிமிஷம் பத்து செகண்டு" என்றான் அபூதாகிர், நோட்டில் எழுதிக்கொண்டே, ஏதோ இழவுச் செய்தி சொல்கிற குரலில். அவள் இரண்டு நிமிஷம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். முப்பது செகண்டு கேட்ட மனிதரின் முன்னால் நாலு நிமிஷம் பத்து. அடுத்த வாரம் அந்தக் குறைந்துகொண்டே வரும் கோட்டை வரைய வேண்டியவளும் அவள்தான், என்ன நிறத்தில் போடுவது என்று கேட்டு மின்னஞ்சல் வரும், பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறட்டும் என்று அவளே பதில் எழுதுவாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், தாமோதரன் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவருக்கு அபூதாகிர் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. திறந்து கிடந்த கணவாயைப் பார்த்தார், காட்டுக்குள் போன நீலத்தைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கி ரேணுகாதேவியைப் பார்த்தார். கை தன் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. கணவாய் வாய்வரை தள்ளினார். நின்றார். பின்னால் இழுத்தார். திரும்பத் தள்ளினார். "என்னத்துக்குங்க அதைத் திறந்து விட்டீங்க?" என்றார், அவளிடம் இல்லை, பொத்தானிடம். டைல்ஸ் அறுக்கிற சத்தம் வந்து நின்றது. சிவப்புப் பொத்தான் கணவாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கோட்டின் மேல் நின்றது, அதன் மேல் தாமோதரனின் விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுந்தியிருந்தது.

"சார், முப்பது செகண்டு தாண்டிருச்சுங்க" என்றான் அபூதாகிர்.

சிவப்புப் பொத்தான் ஒரு நூல் உள்ளே போனது, ஒரு நூல் வெளியே வந்தது.

"சார், ஒரு நிமிஷம் ஆச்சு. குறிச்சுக்கட்டுமா?"

"சும்மா இருப்பா!" என்று தாமோதரன் நிமிராமலே இரைந்தார். "நான் இன்னும் கையே எடுக்கல!"

அபூதாகிர் ரேணுகாதேவியைப் பார்த்தான். பிறகு பென்சிலை உள்ளே வைத்து நோட்டை மூடினான், போனைக் கவிழ்த்துப் போட்டான், சிவப்புப் பொத்தான் எங்கே போகிறதென்று பார்க்க அவனும் முன்னால் குனிந்தான்.